டிசம்பரில் செடி வளராது, ஆனாலும் கீரை பறிக்கலாம்

கனடாவுக்கு வந்து, வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் கிடைத்ததும் நம் ஆட்கள் முதலில் வைப்பது கத்தரியும் மிளகாயும்தான். மே மாதக் கடைசியில் நட்டால் அக்டோபர் வரை ஓடும். அப்புறம் ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் இலையெல்லாம் கறுத்துத் தொங்கும். முதல் உறைபனி. அந்த வாரத்தில்தான் பலருக்கும் அந்த யோசனை வரும்: ஒரு பசுமைக்குடில் போட்டுவிட்டால் என்ன? கண்ணாடியோ பாலித்தீனோ, மேலே ஒரு கூரை இருந்தால் குளிர் உள்ளே வராது. குளிர் வராவிட்டால் டிசம்பரிலும் கத்தரி காய்க்கும்தானே?

காய்க்காது. குளிரை முழுசாகத் தடுத்துவிட்டாலும் காய்க்காது. குளிர்காலத் தோட்டத்துக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். இது புரிந்தால் எந்தக் கூடாரம் வாங்குவது, எதை விதைப்பது, எப்போது விதைப்பது என்ற மற்றக் கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

வெளிச்சக் கணக்கு

சென்னையில் ஆண்டிலேயே மிகச் சிறிய பகல் 11 மணி 20 நிமிடம். மிகப் பெரிய பகலும் 13 மணி நேரத்தைத் தொடாது. மார்கழியில் கொஞ்சம் தாமதமாக விடிகிறது என்பதோடு நாம் அதை மறந்துவிடுவோம். அதனால் ஊரில் வளர்ந்தவர்கள் பயிருக்கு வேண்டியதைப் பட்டியல் போட்டால் தண்ணீர், எரு, பூச்சி வராமல் பார்த்துக்கொள்வது என்று போகும். வெளிச்சம் அதில் வராது. அது எப்போதும் இருக்கிற ஒன்று, சில சமயம் வேண்டியதற்கு மேலேயே.

டொராண்டோவில் ஜூன் 21-ஆம் தேதி பகல் ஏறக்குறைய 15 மணி 25 நிமிடம். டிசம்பர் 21-இல் 9 மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. லண்டனில் 8 மணி நேரம்கூட இல்லை. நேரம் குறைவது ஒரு பக்கம், கிடைக்கிற வெயிலின் தரம் இன்னொரு பக்கம். டிசம்பர் நடுப்பகலில் டொராண்டோ சூரியன் தொடுவானத்திலிருந்து 23 டிகிரிதான் ஏறும். அதே நாளில் சென்னையில் 53 டிகிரி. சாய்ந்து வரும் வெயில் அதிகப் பரப்பில் பரவி விழுவதால் ஒவ்வொரு இலைக்கும் கிடைப்பது குறையும். நிழலும் நீளும். ஆறடி உயர மரவேலிக்கு ஜூன் நடுப்பகலில் இரண்டடி நிழல். டிசம்பரில் அதே வேலியின் நிழல் 14 அடி. கோடையில் நாள் முழுக்க வெயில் அடித்த பாத்தி, குளிர்காலத்தில் ஒரு மணி நேரம்கூட வெயில் பார்க்காமல் போக இது போதும். கூடாரத்துக்கு இடம் பார்ப்பவர்கள் டிசம்பரில் பார்க்க வேண்டும். ஜூனில் பார்த்து முடிவு செய்வது வீண்.

குளிர்காலப் பயிர்க்காரர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே போனால் பெரும்பாலான செடிகளின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஹார்பர்சைட் என்ற ஊரில் பண்ணை வைத்து, பனிக்காலம் முழுக்கக் கீரையும் காய்கறியும் அறுத்துக் காட்டிய எலியட் கோல்மன்தான் இந்தக் கணக்கைப் பரவலாக்கியவர். இது இயற்பியல் விதி இல்லை. 10 மணி அடித்ததும் செடி கடையை மூடிவிடாது. மேகம் மூடிய ஊரில் இன்னும் முன்னாலேயே மந்தமாகும், பளிச்சென்று வெயில் அடிக்கும் ஊரில் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். ஆனாலும் நாள்காட்டியில் குறித்து வைக்க இதைவிட உபயோகமான எண் வேறு இல்லை. டொராண்டோவுக்கு நவம்பர் முதல் வாரத்திலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை, லண்டனுக்கு அக்டோபர் கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை அந்த இருண்ட காலம்.

சரி, மூன்று மாதம் வளராத இடத்தில் கூடாரம் எதற்கு? பறிக்கத்தான். வளர்த்து முடித்த செடியை உயிரோடும் பச்சையாகவும் வைத்திருந்து, வேண்டியபோது போய்ப் பறித்துக்கொள்வதற்கு. சூடேற்றாத பசுமைக்குடில் டிசம்பரில் செய்கிற வேலை ஒரு ஃபிரிட்ஜின் வேலைதான். உள்ளே என்ன வைத்தோமோ அதைக் கெடாமல் வைத்திருக்கும், புதிதாக எதையும் உண்டாக்கித் தராது. வைக்க வேண்டியதை வைக்கும் காலம் ஆகஸ்டும் செப்டம்பரும்.

கூடாரத்துக்குள் நடப்பது

பசுமைக்குடில் எப்படிச் சூடாகிறது என்று கேட்டால் பள்ளியில் படித்த பதில் ஒன்று எல்லோரிடமும் இருக்கும்: கண்ணாடி வெயிலை உள்ளே விடும், வெப்பக் கதிரை வெளியே விடாது. இதில் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் முக்கியமான பகுதி அது இல்லை. 1909-இல் அமெரிக்க இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட் இரண்டு பெட்டிகள் செய்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி, இன்னொன்றுக்கு வெப்பக் கதிரை அப்படியே வெளியே விடும் பாறை உப்புத் தகட்டு மூடி. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் சூடேறின. அதாவது சூடு தங்குவதற்கு முதன்மைக் காரணம், சூடான காற்று மேலே எழுந்து ஓடிப்போக வழியில்லாமல் இருப்பது. (வளிமண்டலம் பூமியைச் சூடாக வைத்திருப்பது வேறு கணக்கு, அதை இதோடு குழப்ப வேண்டாம்.)

தோட்டக்காரருக்கு இதில் நேரடியான பயன் இருக்கிறது. காற்று ஓடக் கூடாது என்றால் கிழிசலும் இடைவெளியும்தான் எதிரி. விலை உயர்ந்த பாலிகார்பனேட் தகடு போட்டுக் கதவிடுக்கில் விரல் நுழையும் சந்து விட்டிருப்பதைவிட, நல்ல பசுமைக்குடில் பாலித்தீன் ஷீட்டை இழுத்துக் கட்டி ஓரத்தை மண்ணில் புதைத்திருப்பது மேல்.

பகலில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். வெளியே -5 டிகிரி இருக்கும்போதும் வெயில் அடித்தால் மூடிய கூடாரத்துக்குள் 25 டிகிரி காட்டும். அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரவில் அந்தச் சூடு எங்கே போகும்? மெல்லிய ஷீட் வழியாகவே வெளியே போகும். விடிவதற்குச் சற்று முன்னால் அளந்தால் சூடேற்றாத சின்னக் கூடாரத்துக்குள் வெளியைவிட இரண்டு மூன்று டிகிரிதான் அதிகம் இருக்கும். மேகம் இல்லாத, காற்றும் இல்லாத இரவில் அந்த வித்தியாசம்கூட இருக்காது. அன்றைய மிகக் குறைந்த அளவையும் மிக உயர்ந்த அளவையும் பதிந்து வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்றை உள்ளே தொங்கவிடுங்கள். கூடாரத்துக்கு அடுத்தபடியாகக் காசு போட வேண்டியது அதில்தான்.

தண்ணீர் டிரம் வைத்தால் இரவெல்லாம் சூடாக இருக்கும் என்று வீடியோ வீடியோவாகச் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 லிட்டர் டிரம் ஒன்று பகல் வெயிலில் 10 டிகிரி சூடேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். டிசம்பரில் அது நடப்பதே பெரிய விஷயம். இரவில் அது திரும்பக் கொடுக்கும் வெப்பம் ஏறக்குறைய 2.3 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். பத்துச் சதுர மீட்டர் தரை உள்ள ஒற்றை ஷீட் கூடாரத்தை வெளியைவிட 10 டிகிரி கூடுதலாக வைத்திருக்க, கிட்டத்தட்ட 1800 வாட் தொடர்ந்து வேண்டும். ஆக ஒரு டிரம் ஒன்றேகால் மணி நேரத்துக்கு வரும். டிசம்பர் இரவோ 15 மணி நேரம். டிரம் வைப்பது தப்பில்லை, ஆனால் அது ஹீட்டர் என்று நம்பித் தக்காளி வைக்க வேண்டாம்.

டிரம்மில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் மிக அதிகம். அதே 200 லிட்டரும் முழுசாக உறைந்தால் 18 யூனிட்டுக்கு மேல் வெளிவரும். அது பக்கத்தில் உள்ள காற்றைப் பூஜ்யத்துக்கு அருகில் பிடித்து வைக்குமே தவிர, அதற்கு மேல் ஏற்றாது. பூஜ்யத்தில் பிழைக்கும் செடிகளுக்கு அதுவே போதும். பழைய பண்ணை வீடுகளில் கிழங்கு வைக்கும் நிலவறைக்குள் தொட்டி தொட்டியாகத் தண்ணீர் வைத்தது இதற்காகத்தான்.

டிரம்மைவிட மலிவாகவும் நிச்சயமாகவும் வேலை செய்வது இரண்டாவது போர்வை. பசுமைக்குடிலுக்குள்ளேயே, பாத்திக்கு மேல் கம்பியை வில்லாக வளைத்து ஊன்றி, செடி மேல் போர்த்துவதற்கென்றே விற்கும் வெள்ளைத் துணியை அதன் மேல் விரிப்பது. எடையே இல்லாத துணி. வெளிச்சம் போகும், தண்ணீரும் போகும். பகலெல்லாம் வெயில் குடித்த மண் இரவில் மெதுவாக விடும் சூட்டை அந்த ஓரடி உயரத்துக்குள் பிடித்து வைக்கும். துணி இலையைத் தொடக் கூடாது. தொட்ட இடத்தில் ஈரம் உறைந்து இலை துணியோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு மூடல் போட்டால் பண்ணையை 500 மைல் தெற்கே நகர்த்தியதற்குச் சமம், இரண்டு போட்டால் ஆயிரம் மைல் என்பது கோல்மனின் கணக்கு. குளிரைப் பொறுத்தவரை சரிதான். வெளிச்சம் நகராது. உண்மையில் ஒவ்வொரு மூடலும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும். ஷீட்டும் துணியும் சேர்ந்தால் கால் பங்கு போய்விடும். அதனால் மூன்றாவது, நான்காவது என்று அடுக்கிக்கொண்டே போவதில் அர்த்தம் இல்லை.

லே சொல்லும் பாடம்

வெளிச்சம், குளிர் இரண்டையும் பிரித்துப் பார்க்க நல்ல இடம் லடாக். லே நகரம் 3500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்கால இரவில் -20 வரை இறங்கும். டொராண்டோவைவிடக் கடுமை. ஆனால் அது 34 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. மிகச் சிறிய பகல் 9 மணி 52 நிமிடம். பத்து மணி நேரத்துக்குக் கீழே போவது ஏறக்குறைய ஐந்து வாரம்தான், அதுவும் சில நிமிடக் குறைவு. மழைமேகம் மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுவதால் பெரும்பாலான நாட்களில் வானம் துடைத்து வைத்தது. அங்கே வெளிச்சத்துக்குப் பஞ்சம் இல்லை. இரவைத் தாண்டுவதுதான் பிரச்சினை.

அதனால் அங்கே கட்டும் பசுமைக்குடிலின் உருவமே வேறு. வடக்கு, கிழக்கு, மேற்கு மூன்று பக்கமும் தடித்த மண்கல் சுவர். நன்றாகக் கட்டியவற்றில் இரட்டைச் சுவர், நடுவில் வைக்கோல் அடைப்பு. தெற்குப் பக்கம் மட்டும் சாய்வாகப் பாலித்தீன். வெயில் தெற்கிலிருந்துதானே வருகிறது, மற்றத் திசைகளில் ஷீட் போட்டால் சூடு போகத்தான் உதவும். பகலில் சுவர் சூடு குடிக்கும், இரவில் திருப்பிக் கொடுக்கும். சூரியன் இறங்கியதும் பாலித்தீன் மேல் திரையோ போர்வையோ இழுத்து மூடிவிடுவார்கள். இன்னும் எளிய வகை, தரையில் மூன்றடிப் பள்ளம் தோண்டி மேலே பாலித்தீன் போடுவது. மண்ணே சுவர். இந்தியாவின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ-வின் உயர்மலை ஆராய்ச்சி நிறுவனம் லேயில் இருந்துகொண்டு இந்த மாதிரி அமைப்புகளில் வேலை செய்திருக்கிறது. குளிர்காலத்தில் கணவாய்ச் சாலைகள் மூடினால் காய்கறி விமானத்தில்தான் வர வேண்டும் என்றிருந்த ஊருக்குப் பாலக்கும் கொத்தமல்லியும் வீட்டுப் பின்புறத்திலேயே கிடைப்பது பெரிய காரியம். வடசீனாவிலும் இதே தத்துவத்தில், மாலையானதும் வைக்கோல் பாயை உருட்டி இறக்கும் சுவர்க் கூடாரங்களில் ஹீட்டர் இல்லாமலே வெள்ளரிக்காய் எடுக்கிறார்கள்.

டொராண்டோவில் லே மாதிரிச் சுவர் எழுப்பினால் இரவுச் சூடு ஓரளவு தங்கும். வெள்ளரி வராது. மேக மூட்டமான டிசம்பரில் அந்தச் சுவர் குடிப்பதற்கு வெயில் எங்கே இருக்கிறது? வேறு ஊருக்கு வரைந்த கூடாரத்தை அப்படியே எடுத்து வைப்பதற்கு முன் நம் ஊரின் அட்சரேகையையும் வானத்தையும் பார்க்க வேண்டும்.

ஊட்டியில் கதை இன்னும் சுலபம். தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் டிசம்பர், ஜனவரியில் புல்வெளி வெள்ளையாகும் அளவுக்கு உறைபனி விழும். ஆனால் பகல் 11 மணி நேரத்துக்கு மேல், காலை வெயில் ஏறியதும் பனி கரைந்துவிடும். அங்கே செடியைத் தெளிந்த இரவுகளில் மட்டும் காப்பாற்றினால் போதும். மாலையில் போர்த்தி, காலையில் எடுக்கும் ஒரு துணியே பாதி வேலையை முடிக்கும்.

எந்தச் செடி தாங்கும்

கத்தரி, வெண்டை, மிளகாய், துளசி இவையெல்லாம் உறைவதற்கு முன்பே, 10 டிகிரிக்குக் கீழே போனாலே சுணங்கும். செல்களைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வு குளிரில் இறுகி வேலை செய்யாமல் போவதுதான் காரணம். இவற்றைக் குளிர்காலக் கூடாரத்துக்குள் கொண்டுபோவதில் பயனில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. பாலக், கேல், லீக், கேரட், கடுகுக்கீரை வகைகள், மாஷ் என்று இங்கே விற்கும் சின்ன இலைக் கீரை. இவை குளிருக்குத் தயாராகத் தெரிந்தவை. செப்டம்பர், அக்டோபரில் இரவு மெதுவாகக் குளிர ஆரம்பித்ததும் செல்லுக்குள் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்ளும். சர்க்கரை கலந்த நீர் பூஜ்யத்தில் உறையாது. இன்னும் குளிர்ந்தால் செல்லிலிருந்து தண்ணீர் வெளியேறி, செல்களுக்கு இடையே உள்ள வெளியில் பனிக்கட்டியாகும். செல்லுக்குள் பனிக்கட்டி உண்டானால்தான் செடி சாகும், வெளியே உண்டானால் தாங்கிக்கொள்ளும். இப்படிப் பழகிய பாலக் -10-ஐத் தாண்டியும் பிழைக்கும். பழகாத பாலக் திடீரென்று வரும் -4-இல் போய்விடும். ஜனவரிக் கேரட் இனிப்பாக இருப்பதற்கும் இதே சர்க்கரைதான் காரணம். அந்த ருசி கடையில் வாங்கும் கேரட்டில் வராது.

கடுங்குளிர் விழுந்த மறுநாள் காலை எட்டு மணிக்குத் துணியைத் தூக்கிப் பார்த்தால் பாலக் செத்துவிட்டது என்றுதான் நினைப்பீர்கள். இலை கரும்பச்சையாகி, கண்ணாடித் தன்மையோடு, தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கும். விரலால் மடக்கினால் நொறுங்கும். தொடாமல் விட்டுவிட்டுப் பதினொரு மணிக்கு வந்து பாருங்கள். உள்ளே பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் இலை விறைப்பு விட்டு, பழைய நிறத்துக்கு வந்து, காம்பு நிமிர ஆரம்பித்திருக்கும். அதற்குப் பிறகு பறிக்கலாம். உறைந்திருக்கும்போது பறித்தால் சமையலறைக்குப் போய்ச் சேர்வதற்குள் கொழகொழவென்று ஆகிவிடும், ஏனென்றால் வெளியே போன தண்ணீரைச் செல் திரும்ப உறிஞ்ச நேரம் கிடைப்பதில்லை.

கொத்தமல்லியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோடையில் கொத்தமல்லி விதைத்து, நாலு இலை விடுவதற்குள் பூத்துப் போகிறது என்று அலுத்துக்கொள்ளாத தமிழ் வீடு டொராண்டோவில் இருக்காது. நீண்ட பகலும் சூடும் அதைப் பூக்க விரட்டுகின்றன. ஆகஸ்ட் பாதிக்கு மேல் விதைத்தால் பகல் குறைந்துகொண்டே வருவதால் இலையாகவே தங்கும். லேசான உறைபனியைத் தாங்கும், கூடாரமும் துணியும் இருந்தால் டிசம்பர் வரை பறிக்கலாம். என்னைக் கேட்டால் தமிழ் வீட்டுக்காரர் குளிர்காலத் தோட்டம் தொடங்க இதைவிட நல்ல காரணம் இல்லை.

கறிவேப்பிலை? அது முதல் கூட்டத்துச் செடி. சூடேற்றாத பசுமைக்குடிலில் வைத்தால் ஜனவரியைப் பார்க்காது. இரவு 10 டிகிரிக்குக் கீழே போக ஆரம்பிக்கும்போதே, செப்டம்பர் கடைசி வாக்கில், தொட்டியோடு வீட்டுக்குள் கொண்டுவந்து தெற்கு ஜன்னலில் வைக்க வேண்டும். இலை மஞ்சளாகிக் கொட்டும். பயந்துபோய்த் தண்ணீர் ஊற்றுவதால்தான் பாதிக் கறிவேப்பிலை சாகிறது. வெளிச்சம் இல்லாமல் வளராத செடி தண்ணீரும் குடிக்காது, ஈர மண்ணில் வேர் அழுகும். விரலை விட்டுப் பார்த்து, மண் நன்றாகக் காய்ந்த பிறகு கொஞ்சம் ஊற்றினால் போதும். ஹீட்டர் ஓடும் வறண்ட வீட்டுக் காற்றில் சிலந்திப் பேன் வரும், இலைக்கு அடியில் அவ்வப்போது ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

எப்போது விதைப்பது

இங்கேதான் பெரும்பாலும் சறுக்குவார்கள். கத்தரி, தக்காளி முடிந்த பிறகு, அக்டோபரில் இடம் காலியானதும் கீரை விதைக்கலாம் என்று நினைப்பது இயல்பு. அக்டோபரில் விதைத்தால் நாற்று இரண்டு இலையோடு இருண்ட காலத்துக்குள் போகும், மூன்று மாதம் அப்படியே நிற்கும். நவம்பர் தொடங்கும்போது செடி பறிக்கும் பருவத்துக்கு வந்திருக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். இலையுதிர் காலத்தில் பகல் நாளுக்கு நாள் குறைவதால், விதைப் பாக்கெட்டில் 45 நாள் என்று போட்டிருந்தால் இரண்டு வாரமாவது கூட்டிக்கொள்ளுங்கள். செப்டம்பரில் ஒரு வாரம் தள்ளிப்போட்டால் அறுவடை பல வாரம் தள்ளிப்போகும்.

டொராண்டோ பக்கத்துக்கு ஏறக்குறைய இப்படி: கேல் ஜூலையில், கேரட் ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள், பாலக்கும் கொத்தமல்லியும் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை, மாஷ் செப்டம்பர் முதல் பாதியில். அந்த நேரத்தில் பாத்தியில் தக்காளி காய்த்துக் குலுங்கும், பிடுங்க மனசு வராது. அதற்குத்தான் கீரையைத் தட்டில் நாற்றாக வளர்த்து, செப்டம்பரில் தக்காளிக்கு நடுவிலோ பக்கத்திலோ நட்டுவைப்பது. கேரட்டுக்கு அந்த வழி இல்லை, அதை நேராக மண்ணில்தான் விதைக்க வேண்டும். பூண்டுக்குக் கூடாரமே வேண்டாம். அக்டோபர் நடுவில் பல்லை ஊன்றி மேலே வைக்கோல் மூடாக்குப் போட்டால் ஜூலையில் எடுக்கலாம்.

முதல் ஆண்டே பெரிய பசுமைக்குடில் வாங்க வேண்டாம் என்பேன். கடையில் பெட்டியாக வரும் மலிவான மாதிரிகள் நவம்பர்க் காற்றில் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். பனி விழுந்தால் எடை வேறு. ஈரப் பனி ஒரு கன மீட்டர் 300 கிலோவுக்கு மேல் இருக்கும். அரை அங்குலப் பிவிசி பைப்பை வில்லாக வளைத்துப் பாத்தியின் இரு பக்கமும் ஊன்றி, முதலில் போர்வைத் துணி, டிசம்பர் நெருங்கும்போது அதன் மேல் பாலித்தீன், ஓரத்தில் மணல் மூட்டை. இடுப்புயரம்கூட வராத இந்தத் தாழ்வான கூடாரமே முதல் ஆண்டுக்குப் போதும். அல்லது யாரோ தெருவில் போட்ட பழைய ஜன்னலை எடுத்துவந்து, பின்பக்கம் உயரமாக, முன்பக்கம் தாழ்வாகத் தெற்கு பார்த்த மரப்பெட்டிக்கு மூடியாக்குங்கள். பனி பெய்து இவை மூடிப்போனால் ஜனவரியில் அவசரமாகத் தள்ள வேண்டியதும் இல்லை. பனி நல்ல காப்பு, அந்த மாதம் செடிக்கு வெளிச்சமும் பெரிதாகத் தேவைப்படாது. பிப்ரவரி வந்ததும் தள்ளிவிட வேண்டும்.

பராமரிப்பு குறைவு. தண்ணீர் டிசம்பர், ஜனவரியில் அநேகமாக வேண்டாம். மறக்கக் கூடாதது காற்றோட்டம். வெயில் அடிக்கும் நாளில் பத்து மணிக்கு ஒரு முனையைத் திறந்துவிட்டு, மூன்று மணிக்குச் சூடு இருக்கும்போதே மூடுங்கள். மூடியே வைத்தால் உள்ளே 25 டிகிரி ஏறி, கஷ்டப்பட்டுப் பழகிய குளிர்த் தாக்குப்பிடிப்பைச் செடி இழக்கும். அதோடு ஷீட்டில் முத்து முத்தாகக் கோர்த்த நீர் இலையில் சொட்டி, சாம்பல் நிறப் பூஞ்சை பிடிக்கும். குளிரில் இழப்பதைவிட இந்தப் பூஞ்சையில் இழப்பவர்கள் அதிகம் என்பது என் எண்ணம்.

ஜனவரியில் கடையில் தக்காளி விற்கிறதே, அது எப்படி என்று கேட்கலாம். ஒன்டாரியோவின் தெற்கு முனையில் லேமிங்டன் என்ற ஊரைச் சுற்றி, கண்ணுக்கு எட்டும் வரை கண்ணாடிக் கூரைகள். இயற்கை எரிவாயு எரித்துச் சூடேற்றி, கரியமில வாயு செலுத்தி, பலவற்றில் விளக்கும் போட்டு வளர்க்கிறார்கள். அந்த விளக்கு வெளிச்சம் இரவு வானத்துக்குப் போகாமல் திரை இழுக்க வேண்டும் என்று ஊர் நிர்வாகம் விதி போடும் அளவுக்கு. கோடையைக் காசு கொடுத்து வரவழைக்கும் தொழில் அது. வீட்டுத் தோட்டத்தில் ஒரு ஹீட்டரை வைத்து அதைச் செய்யப் பார்ப்பவர்களுக்கு மின்கட்டணம் வரும், வெளிச்சம் இல்லாததால் தக்காளி வராது.

பிப்ரவரி முதல் வாரம் பகல் 10 மணி நேரத்தைத் தாண்டும். வெளியே அப்போதுதான் கடும்பனி, ஆனால் கூடாரத்துக்குள் பாலக்கின் நடுவில் புதுத் தளிர் எழும். பனிக்காலம் முழுக்கப் பறித்து மொட்டையாக்கிய செடியே திரும்பத் தழைக்கும். மார்ச்சில் கிடைப்பதுதான் உண்மையில் பெரிய அறுவடை. மற்றவர்கள் மண் இளகக் காத்திருக்கும் நேரம் அது. ஏப்ரல் கடைசியில் பகல் நீண்டு பாலக் பூக்க ஆரம்பித்தால் பிடுங்கி எருக்குழியில் போட்டுவிட்டு, மே மாதப் பிற்பகுதியில் வரும் விக்டோரியா டே விடுமுறை வாக்கில் கத்தரி, மிளகாய் நாற்றை அதே பாத்தியில் வையுங்கள். ஒன்று மட்டும்: அடுத்த குளிர்காலத்துக்கான பாலக், மாஷ் விதையை அப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். ஜூலை பிறந்ததும் பல கடைகளில் விதைத் தட்டுகளை எடுத்துவிடுவார்கள், ஆகஸ்டில் தேடினால் கிடைக்காது.